கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடப் போகிறவர்களுக்கு ஒரு சிறு வரலாறு

நம் குடியிருப்பின் ஓட்டக் குழுவினர் வரும் குளிர்காலத்தில் கொடைக்கானல் போகிறார்கள் என்ற அறிவிப்பை லிஃப்ட் அருகே உள்ள பலகையில் பார்த்திருப்பீர்கள். ஓடுகிறவர்கள், நடக்க மட்டும் வருகிறவர்கள், குழந்தைகள் எல்லோரையும் சேர்த்து முப்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்தாயிற்று. நடுவில் பி பிளாக் இளைஞர் ஒருவர், "அந்த ஏரி எந்தக் காலத்தது?" என்று கேட்டார். "அது இயற்கையான ஏரி" என்று உடனே ஒரு பதில் வந்தது. அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரலும் காட்டிவிட்டார்கள்.

அது இயற்கையான ஏரி அல்ல. மனிதர்கள் கரை போட்டுக் கட்டியது. வயது 160 ஆண்டுகளுக்குச் சற்று மேல். வங்கிப் பணியில் 1980-களில் மூன்று ஆண்டுகள் வத்தலக்குண்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மலைக்குப் போவது அப்போது வழக்கம். அந்த நாளிலிருந்து இந்த ஊரின் பழைய கதைகளைப் படித்து வருகிறேன். நீங்கள் எந்தெந்தப் பாதையில் ஓடப் போகிறீர்களோ, அந்தந்தப் பாதையின் கதையை இங்கே சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்களுக்கு முன்னால்

கொடைக்கானலை வெள்ளைக்காரர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று சுற்றுலாப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழனி மலையில் தாண்டிக்குடி, பெத்துப்பாறை போன்ற இடங்களில் பெரிய கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பளியர், புலையர் ஆகியோர் இந்த மலையின் பழைய குடிகள். சமவெளியிலிருந்து பிற்காலத்தில் ஏறிப்போய் விவசாயம் செய்தவர்கள் குன்னுவர். பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்கள் எல்லாம் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை.

1821-ல் பி.எஸ். வார்டு என்ற ராணுவ அதிகாரி நில அளவைக்காக வந்தார். அவர் முகாம் போட்டது வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தில். அங்கிருந்துதான் மேலே ஏறி, இன்றைய கொடைக்கானல் இருக்கும் பகுதியை அளந்தார். மலை அழகானது, காற்று ஆரோக்கியமானது, சுமார் 4,000 பேர் ஒழுங்கான கிராமங்களில் வாழ்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்தார். ஆட்களே இல்லாத காட்டில் ஊர் உண்டாயிற்று என்று சொல்வதற்கு இடமே இல்லை.

அந்த வெள்ளகவி இன்றும் இருக்கிறது. பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் வரை ஒரு ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. நீண்ட காலம் சாலையே இல்லாமல், தலைச்சுமையாகவும் குதிரை மேலும் பொருள்களைக் கொண்டுபோன ஊர் அது. ஊருக்குள் செருப்பு அணிவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். மலைப்பாதை ஓட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் நம் குழுவில் இருவர் மூவர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எவ்வளவு விலையுயர்ந்த ஷூ ஆனாலும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்குப் பயந்து ஏறியவர்கள்

1834-ல் மதுரை சப்-கலெக்டராக இருந்த ரௌட்டன் என்பவரும், சென்னை வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டன் என்பவரும் தேவதானப்பட்டி பக்கமிருந்து மலையேறி, செண்பகனூர் அருகே அடுக்கம் கணவாயின் உச்சியில் ஒரு சிறு பங்களா கட்டினார்கள். 1836-ல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் வந்து இங்குள்ள செடிகொடிகளைப் பற்றிக் குறிப்பெழுதினார்.

ஊரை ஊராக ஆக்கியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்த மிஷன் அது. சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அவர்களுடைய குடும்பங்களைத் தொடர்ந்து வாட்டின. பச்சைக் குழந்தைகளையும் இளம் தாய்மார்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய் ஓய்வெடுப்பது தூரம், செலவு. எனவே பக்கத்தில் இருந்த மலையைப் பார்த்தார்கள். 1845-ல் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்கள் குடியேறத் தயாராயின. நாம் இன்று கேக்கும் சாக்லேட்டும் வாங்கப் போகும் ஊர், பிள்ளைகளை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பயத்தில் தொடங்கியது.

அவர்கள் எப்படி ஏறினார்கள் என்பதை ஓடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரயில் மதுரை வரை வந்தது 1875-ல்தான். அதன் பிறகும் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து துரைகள் குதிரையில் ஏறுவார்கள். பெண்களும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்க, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். பியானோ, இரும்புக் கட்டில், மாவு மூட்டை எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் மேலே வந்தன. மோட்டார் ஓடக்கூடிய சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. பாதையை வகுத்த மேஜர் லா என்பவரின் பெயரால் அதை 'லாஸ் காட்' என்கிறார்கள். அதுவரை எழுபது ஆண்டுகள் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை.

ஏரி கட்டிய கதை

ஏரி இருக்கும் இடம் முதலில் ஒரு சதுப்பு நிலம். மூன்று சிற்றோடைகள் வந்து தேங்கிய பள்ளம். இங்கே கரை போட்டால் நல்ல ஏரி அமையும் என்ற யோசனையைச் சொன்னவர் டேவிட் காயிட் ஸ்கட்டர் என்ற மிஷனரி என்பார்கள். அவர் ஏரியைப் பார்க்கவில்லை. 1862 நவம்பரில், வெள்ளம் பெருகிய ஆறு ஒன்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு, 1863-ல், ஏரியைக் கட்டியவர் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். மதுரைக் கலெக்டராக இருந்தவர். தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கரையைக் கட்டினார். ஏரியில் மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து ஒரு படகைக் கொண்டுவந்து இறக்கினார். ஓய்வுபெற்றபின் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். ஏரியின் உபரிநீர் போகும் ஓடைக்கு அவர் பெயர்தான். நீங்கள் மலைப்பாதையில் வேனில் போகும்போது, ஊருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் முன்பாக எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது இந்த ஏரியின் உபரிநீர்தான்.

ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். நட்சத்திரம் போலக் கைகால் நீட்டிய வடிவம். நம் கிராமத்து ஏரிகள் போலப் பாசனத்துக்காகக் கட்டியது அல்ல இது. கோடையில் படகு விடவும், கரையோரம் உலாவவும் கட்டியது. 1890-ல் படகுக் குழாம் தொடங்கியது. 1908 வாக்கில் பிரையண்ட் என்ற வன அதிகாரி திட்டமிட்ட பூங்கா, ஏரியின் கிழக்கே இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

இனி, பாதைகள்

முதல் பாதை ஏரிச் சுற்று. ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நம் குழுவில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு இதுவே போதும். ஆனால் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள். 8 மணிக்கு மேல் வாடகைச் சைக்கிள், குதிரை, கார் எல்லாம் அதே சாலையில் வந்துவிடும். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் குடியிருப்பைப் பத்துச் சுற்று சுற்றுகிறவருக்கும் முதல் நாள் மூச்சு வாங்கும். போன அன்றே வேகம் காட்ட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற என் வயதுக்காரர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலையின் தெற்கு விளிம்பில் அமைத்த நடைபாதை. ஒரு கிலோமீட்டர் அளவுதான். கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. ஓடுவதற்கு ஏற்ற இடம் அல்ல. கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றால், பழைய ஆட்கள் டோலி தூக்கி ஏறிய உயரம் எவ்வளவு என்பது விளங்கும். அதற்காகவே ஒருமுறை போங்கள்.

மூன்றாவது, சூரிய ஆய்வுக்கூடச் சாலை. ஏரியிலிருந்து மேற்கே ஏற்றமாகவே போகும். கால் வலு உள்ளவர்களுக்கு. இந்த ஆய்வுக்கூடம் வந்ததற்கும் நம் மாகாணத்தின் பெரிய துயரம் ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க, தூசி இல்லாத உயரமான இடம் தேவைப்பட்டது. கொடைக்கானல் தேர்வாயிற்று. 1899-ல் ஆய்வுக்கூடம் பணியைத் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்து கண்டறிந்தார். உலகம் முழுவதும் இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேமிப்பில் உள்ளன. ஒரு நாள் கணக்கைக்கூட விட்டுவிடக் கூடாது என்று லெட்ஜர் எழுதிய எனக்கு, அந்த ஊழியர்கள்மீது தனி மரியாதை.

நான்காவது, நீண்ட ஓட்டக்காரர்களுக்கு. கோல்ஃப் மைதானம், தூண் பாறை பக்கம் போய்த் திரும்பும் சுற்றுக்குப் 'பத்து மைல் சுற்று' என்று பழைய பெயர் உண்டு. பதினாறு கிலோமீட்டர். தூண் பாறைகள் மூன்றும் சுமார் 400 அடி உயரம். மூடுபனி விலகும் வரை பொறுமையாக நிற்க வேண்டும். பக்கத்தில்தான் 1991-ல் 'குணா' படம் எடுத்த குகை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. வேலியைத் தாண்டிப் படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையே எச்சரிக்கை.

பேரிஜம் ஏரிக்கு ஓடிப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதிச் சீட்டோடு வாகனத்தில்தான் போக வேண்டும். அதுவும் மனிதர் கட்டிய ஏரிதான். 1860-களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே தங்கி, அந்தப் பள்ளத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னால் அங்கே கரை எழுந்தது. அந்த நீர் இன்று பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. காட்டுக்குள் நம்மை விடாததில் கோபப்பட ஒன்றுமில்லை. கீழே ஒரு ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

நீங்கள் பார்க்கும் காடு பழைய காடு அல்ல

ஓடும்போது இருபுறமும் உயர்ந்த பைன் மரங்கள் வரிசையாக நிற்கும். படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் பைன், யூகலிப்டஸ், சீகை மரம் என்கிற வாட்டில் எதுவும் இந்த மலைக்குச் சொந்தம் அல்ல. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்கு மரக்கூழுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பழைய மலை எப்படி இருந்தது என்றால், மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டையான அடர்ந்த சோலைக்காடு. மழைநீரைப் புல்வெளி பஞ்சு போல வாங்கி, சோலை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கோடையிலும் ஓடையில் தண்ணீர் வந்தது இப்படித்தான்.

வெறும் புல்தானே, வீண் நிலம் என்று அரசாங்கம் நினைத்தது. சுதந்திரத்துக்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். மரம் நட்டால் நல்லது என்று நினைத்து நட்டார்கள். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, நான்கு பத்தாண்டுகளில் இங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளியின் செடி. கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்து 2030. நம் பேரக்குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் அது வளர இடம் மிச்சம் இருக்க வேண்டும். 2013-ல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஒரு நல்ல செய்தி.

இன்னொரு செய்தி நல்லதல்ல. சோலைக்காட்டின் ஓரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களிலிருந்து 2001 வரை நடந்தது. பாதரசக் கழிவு வெளியே போனது தெரிந்து, ஊர் மக்களும் தொழிலாளர்களும் போராடிய பிறகு மூடப்பட்டது. ஏரி மீன்களிலும் வண்டலிலும் பாதரசம் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது. ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து.

கணக்குப் பார்த்தால்

நான் வணிகவியல் படித்தவன். எனக்கு எதையும் இரண்டு பத்தியில் எழுதிப் பார்க்கும் பழக்கம். ஏரியைக் கட்டியது ஒருமுறைச் செலவு. அது ஒரு தனிமனிதரின் பையிலிருந்து வந்தது. அதை வைத்துக் காப்பாற்றுவது ஒவ்வொரு ஆண்டும் வரும் செலவு. அதற்கு ஒரு தனிமனிதர் கிடைப்பதில்லை. ஓடைகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும், கழிவுநீர் கலந்தால் ஆகாயத்தாமரை மண்டும், கரையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நகராட்சி தூர் வாருகிறது, செடியை அகற்றுகிறது, மறுபடி வளர்கிறது. கவனிப்பதை நிறுத்திவிட்டால் அந்த 60 ஏக்கர் மெல்ல மெல்லப் பழைய சதுப்பு நிலமாகத்தான் திரும்பும்.

இதை நம் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டடம் கட்டி முடித்த நாளன்று எல்லோரும் சந்தோஷமாகச் சாவி வாங்கினோம். மாதப் பராமரிப்புத் தொகை கேட்டால்தான் முகம் மாறுகிறது. சென்ற பொதுக்குழுவில், பின்புறத்து ஏரிக்கரை நடைபாதையைச் சுத்தமாக வைத்திருக்க வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் சேர்க்கலாம் என்ற தீர்மானம் வந்தது. "அது அரசாங்க ஏரி, நமக்கு என்ன?" என்று கேட்டுத் தள்ளிவைத்தோம். அதே நாம்தான் 500 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர் பராமரிக்கும் ஏரிக்கரையில் ஓடுவதற்குத் தலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கொடுப்பது தவறில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது. அதை எடுத்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். குழுவின் பொறுப்பாளர் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோகாதீர்கள். மலையில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் போதும்.

அதிகாலையில் காட்டுமாடு சாலையில் நிற்பது அங்கே சர்வசாதாரணம். பார்க்கப் பசு மாதிரி சாதுவாகத் தெரியும். கிட்டே போகக் கூடாது, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, அதைத் தாண்டி ஓடவும் கூடாது. நின்று, அது போன பிறகு ஓடுங்கள். தனியாக யாரும் போக வேண்டாம்.

மலைப்பூண்டு வாங்க மறக்காதீர்கள். 2019 முதல் அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கடைத்தெருவில் வாங்குவதைவிடப் பூம்பாறை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினால் பணம் அவர்கள் கைக்கே போகும்.

ஏரிச் சுற்று ஓடும்போது கரை இருக்கும் இடத்தை விசாரித்து அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அது வெளியேறும் ஓடையையும் பாருங்கள். தண்ணீர் தெளிவாகப் போகிறதா, நுரைத்துப் போகிறதா என்று குறித்துக்கொண்டு வந்து, அடுத்த இதழில் எழுதுங்கள்.